அழித்த சொல்

பல்கலைக்கழகத்தில் இருபது வருடம், ஒரு கால்புள்ளி பிசகினாலும் மாணவர்களை உண்டு இல்லை என்று ஆக்கியவர் அவர். அந்த வேலையை உதறிவிட்டு மருந்துக் கம்பெனி தொடங்கிய ஆறாம் மாதம், கூட்டாளி கம்பெனி இணையதளத்தைக் காட்டினார். அவர்களுடைய புது மருந்தைப் பற்றி, "எலிகளில் கட்டி சுருங்கியது" என்றிருந்தது.

"எலியைப் பாத்தா முதலீடு போடறவங்க ஓடிருவாங்க, டாக்டர். எடுத்துடுங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு தன் கையாலேயே அந்தச் சொல்லை அழித்தார்.

மறுநாள் காலை அக்கா ஃபோனில் கூப்பிட்டாள். மாமா வயிற்றுக் கட்டியோடு மல்லுக்கட்டி மூன்று மாதமாகிறது.

"கட்டி சுருங்கிடுச்சுன்னு போட்டிருக்கே தம்பி. எங்கிட்டகூட சொல்லாம கமுக்கமா இருந்துட்டியே. ஆஸ்பத்திரி ஊசியை நிறுத்திட்டோம். உன் மருந்தே போதும்."

"அக்கா, அது வந்து..."

"இரு, மாமாகிட்ட குடுக்கறேன். இன்னைக்குத்தான் சிரிக்கறாரு."