டீச்சரின் கால் அளவு

பழைய ஃபோல்டரை நான்காவது முறையாகப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து அறையில் அப்பாவின் மூச்சு ஒருமுறை நின்று மறுபடி வந்தது. மூத்தவளின் கை மவுஸை விடவில்லை.

அப்பா செயற்கைக் கால் செய்கிறவர். இருபத்திரண்டு வருடங்களாக அளந்த கால்கள் அத்தனையும் இந்த லேப்டாப்பில், ஒரு டேட்டாபேஸில் இருந்தன. ஐந்து நாளுக்கு முன் அது திறக்க மறுத்தது. அவரோடு பட்டறையில் வேலை செய்யும் மூத்தவள், பெரிய கெட்டிக்காரியாட்டம் டேட்டாபேஸ் மென்பொருளையே நீக்கிவிட்டுப் புதிய பதிப்பை ஏற்றினாள். திறந்தது. உள்ளே லிஸ்டில் ஒரு ஆள்கூட இல்லை.

"லிஸ்ட் வந்துடுச்சா பாப்பா?" என்று படுக்கையிலிருந்தே கேட்டார் அப்பா. "வந்துடுச்சுப்பா" என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. இன்று காலை டாக்டர் வந்து பார்த்துவிட்டு, சாயங்காலம் தாண்டாது என்று சொல்லிப் போயிருந்தார். அதற்குள் அந்தப் பொய்யை உண்மையாக்கியாக வேண்டும்.

பழைய ஃபைல்கள் அழியவில்லை, கண்ணெதிரே இருந்தன. புதிய மென்பொருளுக்குள் கொண்டுவந்து வைத்தால் அட்டவணைகளின் பெயர்கள் வரிசையாக வந்து நின்றன. ஒன்றைத் தொட்டால், அப்படி ஒன்று கிடையவே கிடையாது என்று சாதித்தது.

தம்பி வாசலில் வந்து நின்றான். "அக்கா, அப்பாகிட்ட வந்து உக்காரேன். இப்பவும் இதையே புடிச்சுக்கிட்டு ஒத்தக் கால்ல நிக்கிறியே."

அந்த வீட்டில் யாரும் சொல்லாத பேச்சு அது. சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"பத்து நிமிஷம்டா."

"கம்ப்யூட்டர் மெக்கானிக்கே வந்து பாத்துட்டு எல்லாம் போச்சுன்னுட்டான்ல?"

"அவன் கெடக்கான். நீ போய் அப்பா கையப் புடிச்சுக்கோ."

அவன் போனபின்தான் பொறி தட்டியது. அட்டவணைகளை மட்டும் தூக்கி வந்தால் போதாது. எது எங்கே இருக்கிறது என்ற விவரமெல்லாம் பக்கத்திலிருந்த ஒரு பெரிய ஃபைலில் இருந்தது. புதியதில்தான் அதே பெயரில் ஒன்று இருக்கிறதே என்று அதை அங்கேயே விட்டிருந்தாள். தலையில் அடித்துக்கொண்டாள். புதிய பதிப்பை நீக்கினாள். பழைய பதிப்பையே தேடிப் பிடித்து ஏற்றினாள். அதை நிறுத்தி, பழைய ஃபோல்டரை ஒன்று விடாமல் முழுசாக உள்ளே வைத்து, மறுபடி இயக்கினாள்.

ஆயிரத்து நானூற்று ஆறு பேர்.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அம்மா நகர்ந்து இடம் விட்டாள்.

"அப்பா, லிஸ்ட் வந்துடுச்சு."

அவர் கண்ணைத் திறக்கச் சிறிது நேரம் ஆனது. "அன்னிக்கே வந்துடுச்சுன்னியே?"

"பொய் சொன்னேன்ப்பா."

"தெரியும். படி."

அவர் யாரையும் பெயர் போட்டு எழுதியதில்லை. "பேக்கரிக்காரர், வலது, முழங்காலுக்கு மேல, சுத்தளவு நாப்பத்தாறு," என்று படித்தாள். "பஸ் டிரைவர், வலது, முழங்காலுக்குக் கீழ, முப்பத்தஞ்சு. ஸ்கூல் டீச்சர், இடது, முழங்காலுக்குக் கீழ, முப்பத்தொண்ணு."

அவர் விரல் அசைந்தது. "இருபத்தொம்பது."

"முப்பத்தொண்ணுன்னுதான்ப்பா இருக்கு."

"போன வாரம் என்னைப் பாக்க வந்தாங்கல்ல. நடையில தெரிஞ்சுது. இளைச்சிருக்காங்க. மாத்திடு."

"அளக்காம எப்படிப்பா மாத்துறது?"

"அதுவும் சரிதான்," என்றார். லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு அவர் எதையும் திருத்தவில்லை. தையல்காரரின் வரியில் இருந்தபோது அம்மா அவள் கைமேல் கை வைத்தாள். "போதும்மா." மூத்தவள் அந்த வரியை முடித்துவிட்டுத்தான் நிறுத்தினாள்.

மறுநாள் எல்லாம் முடிந்து வீடு ஓய்ந்தபோது டீச்சர் தடி ஊன்றி வந்தார். ஒவ்வொரு அடிக்கும் கால் தளர்ந்து சத்தம் போட்டது. அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டுக் கிளம்பியவரை மூத்தவள் பட்டறைக்குள் அழைத்துப்போய் உட்கார வைத்தாள். செயற்கைக் காலைக் கழற்றி, முழங்காலுக்குக் கீழே டேப்பைச் சுற்றிப் பிடித்தாள்.

"என்னம்மா, ரொம்ப மாறிடுச்சா?"

"ரெண்டு சென்டிமீட்டர் கொறைஞ்சிருக்கு டீச்சர்."

டேப்பை அவள் எடுக்கவில்லை. குனிந்த தலை நிமிரவும் இல்லை.

"முடிஞ்சுதாம்மா?"

"இருங்க டீச்சர்," என்றாள். "இன்னும் கொஞ்ச நேரம்."