ஃபில்டரை நிறுத்திய பிறகு

அண்ணன் ராஜராஜன் குவைத்துக்குப் போகும்போது சுண்டுவிரல் நீளத்தில் ஏழு தங்கமீன்களை என்னிடம் விட்டுப் போனான். அங்கே உயரமான கட்டடங்களில் சாரம் கட்டுவது அவன் வேலை. தொட்டியில் மீன் போனால், வீட்டில் ஒருவருக்கு வந்த கண்டத்தை அது வாங்கிக்கொண்டது என்பாள் அம்மா. எனக்கு அந்த நம்பிக்கை இல்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் தினமும் காலையிலும், மாலை டைப்ரைட்டிங் வகுப்புக்குக் கிளம்பும் முன்பும் மீன்களை எண்ணி நோட்டில் குறித்துவந்தேன்.

மே நான்காம் தேதி காலையில் ஆறுதான் இருந்தன. மூன்று முறை எண்ணினேன். எதுவும் செத்து மிதக்கவில்லை. கண்ணாடி மூடி போட்டது போட்டபடி இருந்தது.

அன்று அண்ணன் போனில் பேசினான். நின்ற பலகை நழுவி, கம்பியைப் பிடித்துத் தப்பினானாம். அம்மா தொட்டியைப் பார்த்துக் கைகூப்பினாள். நான் 'தற்செயல்' என்று எழுதினேன். எழுதிய பிறகு அது என் கையெழுத்து மாதிரியே இல்லை.

ஃபில்டர் மேல்தான் எனக்குச் சந்தேகம். குடவாசல் கடைத்தெருவில் மீன்கடை வைத்திருக்கும் சித்தீக் பாயிடம் கேட்டேன்.

"பவர் ஃபில்டர் குஞ்சு மீனைத்தான் இழுக்கும். உங்க மீனை இழுக்காதும்மா. டைப்ரைட்டிங்ல நம்பர் வரிசை இன்னும் பழகலையோ?"

"மூணு தடவை எண்ணுனேன் பாய்."

"அப்ப ஸ்பாஞ்ச் ஃபில்டர் போடுங்க. அது எதையும் இழுக்காது."

ஸ்பாஞ்ச் போட்டேன். ஒன்பதாம் தேதி ஐந்து. அண்ணன் காலடியில் மேலிருந்து ஒரு குழாய் விழுந்ததாம். பதினொன்றாம் தேதி நான்கு. மேலே வைக்கும் டாப் ஃபில்டருக்கு மாறி, உறிஞ்சும் வாயில் வலை கட்டினேன். அதன் பிறகும் மூன்று, இரண்டு. ஒவ்வொரு முறையும் ஃபில்டரைப் பிரித்துப் பார்த்தேன். ஒரு செதில்கூட இல்லை.

"செத்தா உடம்பு கிடக்கும்டி. இது யாரோ வந்து எடுத்துட்டுப் போற மாதிரில்ல இருக்கு" என்றாள் அம்மா.

"மீன் தீந்துட்டா அப்புறம் என்னம்மா?"

அன்று அவள் சாப்பிடவில்லை.

இருபத்து மூன்றாம் தேதி ஒரே ஒரு மீன்தான் மிச்சம். மத்தியானம் ஃபில்டரை நிறுத்திவிட்டு எதிரே உட்கார்ந்தேன். குமிழி அடங்கியதும் தண்ணீர் கண்ணாடி போல் நின்றது. மூலையில், செடி நட்டிருந்த மண் மெல்ல உயர்ந்து தாழ்ந்தது. மறுபடியும் உயர்ந்தது, தூங்குகிறவர் வயிறு மாதிரி. பிறகு மண்ணில் இரண்டு கண்கள் தெரிந்தன. சாண் நீளத்தில் ஒரு கறுத்த உடம்பு அவசரமே இல்லாமல் மேலே வந்தது. வாயை நீருக்கு வெளியே நீட்டி ஒரு வாய் காற்று குடித்தது. என்னைப் பார்த்தபடியே மண்ணுக்குள் இறங்கியது.

விரால்.

ஏப்ரல் கடைசியில் தொட்டியில் செடி நட மண் வேண்டும் என்றபோது பாய் கடையில் பாக்கெட் மண் இருந்தது. "வயல் வச்சிருக்கிறவங்க மண்ணைக் காசு குடுத்தா வாங்குவாங்க?" என்றாள் அம்மா. வயல் வெடித்துக் கிடந்த நேரம். மடையோரப் பள்ளத்தில் ஈரம் காயாத கட்டிகளாக நான்தான் வெட்டி எடுத்துவந்தேன். கோடையில் விரால் சேற்றுக்குள் படுத்திருக்கும், புதுத் தண்ணீர் பட்டால் எழும் என்று இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். எந்த ஃபில்டர் நல்லது என்று நான் ஒப்பிட்டுக்கொண்டிருந்த இருபது நாளும், ஃபில்டரே தேவைப்படாத ஒன்று உள்ளே மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

கடைசி மீனைக் குவளையில் மொண்டு எடுத்துவிட்டு அம்மாவைக் கூப்பிட்டேன். சிரிப்புகூட வந்தது.

"கண்டமுமில்ல ஒண்ணுமில்லம்மா. விரால் தின்னுருக்கு."

அம்மா குனிந்து மண்ணைப் பார்த்தாள்.

"அது தின்னப்பல்லாம் உங்கண்ணன் பொழைச்சிருக்கான்."

"அம்மா, அத வாய்க்கால்ல விட்டுடலாம்."

"வாய்க்கால்ல தண்ணி ஏதுடி? நாளைக்கு இருவத்திரெண்டாவது மாடிக்கு ஏறுறானாம். காலையில போன் பண்ணான்."

என் கையிலிருந்த குவளையை வாங்கித் தொட்டிக்குள் கவிழ்த்தாள். நான் தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை என்பதை இங்கே எழுதிவைக்கிறேன். மூலையில் மண் ஒரு முறை கலங்கித் தெளிந்தது.

"பாய் கடையில சின்ன மீனா வாங்கிட்டு வா" என்றாள்.

மாலை வகுப்புக்குப் போகவில்லை. கடைக்குப் போனேன்.

"எத்தனை வேணும்?" என்றார் பாய்.

அண்ணனின் ஒப்பந்தம் அக்டோபர் கடைசியில் முடிகிறது. மூன்று நாளைக்கு ஒரு மீன் என்று கணக்கு வைத்தேன். சரியா என்று மறுபடியும் போட்டுப் பார்த்தேன்.

"ஐம்பத்தி நாலு."

"அத்தனைக்கு உங்க ஃபில்டர் பத்தாதும்மா. எது போடப்போறீங்க?"

நோட்டில் புதுப் பக்கம் திருப்பி, ஒவ்வொரு ஃபில்டராகச் சொல்லச் சொன்னேன்.