சுறா எண்ணெய் ஊத்தின ஸ்ரியறிங் பொக்ஸ்

எல்லாருக்கும் வணக்கம் பிள்ளையள். எப்பிடி இருக்கிறியள், சுகமோ? இந்த மழையோடை எல்லா வீட்டிலையும் தடிமன் எண்டு கேள்வி. கொத்தமல்லி அவிச்சுக் குடியுங்கோ. இண்டைக்கு ஒரு காரின்ரை கதை சொல்லப் போறன். கார் எண்டு சொன்னாலும் அற்புதராணியின்ரை கதைதான்.

தொண்ணூற்றி மூண்டாம் ஆண்டு. யாழ்ப்பாணத்திலை சண்டை நடந்து, குருநகர் ஆக்கள் கனபேர் கரையை விட்டு உள்ளுக்கு வந்திருந்த நேரம். அற்புதராணியும் தம்பி சிமியோனும் அரியாலையிலை ஒரு வீட்டிலை இருந்தவை. அவவின்ரை மனுசன் கனிசியஸ் எட்டு மாசத்துக்கு முந்திக் கடலுக்குப் போனவர். நேவியின்ரை தடையாலை வள்ளத்துக்கு எஞ்சின் பூட்டிப் போகேலாத காலம் எண்டு அதைக் கழட்டி வீட்டிலை வைச்சிட்டு, பாயைக் கட்டிக்கொண்டு போனவர். ஆளும் வரேல்லை, வள்ளமும் வரேல்லை, ஒரு பலகைகூடக் கரை ஒதுங்கேல்லை. எஞ்சினை அவ சாக்காலை சுத்திக் கட்டிலுக்குக் கீழை வைச்சிருந்தா. அழுகிறேல்லை. சமைப்பா, சாப்பிடுவா, கேட்டதுக்கு ஓம் எண்டுவா. கனநேரம் மடிச்சு வைச்ச கால் விறைச்சுப்போய்க் கிடக்குமே, மனுசி முழுக்க அப்பிடி.

கனிசியஸின்ரை பழைய ஒஸ்ரின் கார் ஒண்டு நிண்டது. அதைச் சிமியோன் வாடகைக்கு ஓடி, அதிலைதான் ரெண்டு பேரின்ரையும் சீவியம். பொருளாதாரத் தடைக்குள்ளை பெற்றோல் எங்கை? ரெண்டு சொட்டு விட்டு ஸ்ராட் பண்ணி, பேந்து மண்ணெண்ணெயிலை ஓட்டம். வருத்தக்காரர், பிள்ளைப்பெறுவுக்குப் போற பெட்டையள், எல்லாருக்கும் அந்தக் கார்தான்.

அதின்ரை ஸ்ரியறிங் பொக்ஸ் ஒழுகத் தொடங்கிச்சுது. விளங்காத ஆக்களுக்குச் சொல்லுறன், மேலை வளையத்தைத் திருப்ப, கீழை ஒரு இரும்புப் பெட்டிக்குள்ளை தண்டு திரும்பிச் சில்லைத் திருப்பும். அந்தப் பெட்டிக்குள்ளை ஒயில் நிக்கோணும். நிக்கேல்லை, வீட்டு முத்தமெல்லாம் ஒயில் சொட்டு. திருப்பி விடவும் ஒயில் கிடையாது. அற்புதராணி என்ன செய்தா எண்டால், குசினி மூலையிலை இருந்த சுறா எண்ணெயை எடுத்து ஊத்திவிட்டா. அவவின்ரை ஐயா வருசா வருசம் வள்ளத்துக்குப் பூசினது அதுதானே. பூசினா இறுகிப் பிடிக்கும், தண்ணி வராது. வள்ளத்திலை நிண்ட ஒழுக்குக் காரிலை நிக்காதோ எண்டு நினைச்சிருக்கிறா.

நிண்டதுதான், மூண்டு கிழமை. அரியாலைப் பூனையள் எல்லாம் காருக்குக் கீழை குடிவந்தது வேறை கதை. நாலாம் கிழமை ஒரு முடக்கிலை ஸ்ரியறிங் இறுகிப்போய், சிமியோன் ஆரோ ஒருத்தரின்ரை கிடுகுவேலிக்குள்ளை காரை விட்டிட்டான்.

கதிரவேலு எண்டு பக்கத்திலை கராச் வைச்சிருந்தவர். பெட்டியைத் திறந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"சிமியோன், உது காரோ, கருவாட்டுக் கடையோ?"

"எனக்கென்ன தெரியும் அண்ணை."

"பிசின் மாதிரி இறுகிக் கிடக்குது. ஆர் உதுக்குள்ளை சுறா எண்ணெய் விட்டது?"

"நான்தான்," எண்டா அற்புதராணி. வெக்கமும் இல்லை, பயமும் இல்லை, பேர் கேட்டதுக்குப் பேர் சொன்ன மாதிரி.

அதுக்குப் பிறகு கதிரவேலு பகிடி விடேல்லை. தண்டைத் துடைச்சு நகத்தாலை தடவிப் பாத்தார்.

"தங்கச்சி, ஒயிலை மறிக்கிற சீல் கிழிஞ்சு போச்சு, தண்டும் தேஞ்சு வரி விழுந்திட்டுது. ரெண்டு வழி இருக்கு. இதையே கழுவி, தண்டைச் சுத்திப் போடப் பித்தளையிலை புஷ் கடைஞ்சு, சைக்கிள் பம்புக்குள்ளை இருக்கிற மாதிரித் தோலிலை ஒரு வளையம் வெட்டிப் போட்டுத் தரலாம். எத்தினை நாளைக்கு எண்டு கேளாதை, ஸ்ரியறிங்கிலை ஆட்டமும் இருக்கும். மற்றது, கரவெட்டியிலை ஆழ்வாப்பிள்ளை எண்டு ஒருத்தரிட்டை இதே கார் உக்கிப்போய் நிக்குது. பொக்ஸ் மட்டும் நல்லது. அவருக்குக் காசு வேண்டாமாம், வள்ள எஞ்சின் ஒண்டு வேணுமாம். வெங்காயத்துக்குத் தண்ணி இறைக்கப் பூட்டப் போறாராம். எப்பிடிப் பூட்டுவாரோ, அது அவற்ரை பாடு."

சிமியோன் நிலத்தைப் பாத்துக்கொண்டு நிண்டான்.

"முதல் சொன்னதைச் செய்யுங்கோ," எண்டா அவ.

"அக்கா, ஒருக்கா யோசி."

"அத்தான் வந்தா எஞ்சின் எங்கை எண்டு கேப்பார்."

அதோடை கதை முடிஞ்சுது. கதிரவேலு கழுவிக் கடைஞ்சு தோலும் போட்டுக் குடுத்தார். முதல் ஓட்டத்துக்குச் சிமியோன் வெளிக்கிட, அற்புதராணி வந்து முன் சீற்றிலை ஏறினா.

"நீ எங்கை வாறாய்?"

"உன்னோடை."

"வந்து? கார் ஓடிப்போனா கயிறு போட்டுப் பிடிப்பியோ?"

அவ கதவை இழுத்துச் சாத்தினா. அண்டையிலை இருந்து ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஏறினா. ஏதும் நடந்தா ரெண்டு பேருக்கும் நடக்கட்டும் எண்டு.

ஒம்பதாம் நாள் தேவகுமாரி எண்ட பெட்டைக்குப் பிள்ளைப்பெறு வயித்துக்குத்து. தாய் மனோன்மணியோடை பின்னுக்கு ஏத்திக்கொண்டு ஆசுப்பத்திரிக்குப் போகினம். குண்டும் குழியுமான றோட்டு.

"என்ன தம்பி, கார் வெறிக்காரன் நடக்கிற மாதிரிப் போகுது?" எண்டு மனோன்மணி கேட்டா.

"கொஞ்சம் ஆட்டம் அம்மா. பயப்பிடாதேங்கோ."

அற்புதராணி அவன்ரை கையைப் பாத்தா. நேர் றோட்டிலையே ஸ்ரியறிங் வளையத்தை இந்தப்பக்கம் அந்தப்பக்கம் திருப்பித் திருப்பித்தான் காரை நேராய் வைச்சிருக்கிறான். சேட்டு முதுகோடை நனைஞ்சு ஒட்டியிருக்குது. வாய் மெல்ல அசையுது. காது குடுத்துக் கேட்டா, அருள்நிறைந்த மரியே சொல்லுறான். பூசை முடியமுன்னமே எழும்பிக் கோயில் வாசலுக்குப் போயிடுற பொடியன் அவன்.

பெட்டையை இறக்கிவிட்டிட்டு வெறுங்காரோடை திரும்பேக்கை அற்புதராணி கேட்டா, "எத்தினை நாளாய் உப்பிடிச் செபிக்கிறாய்?"

"வேலிக்குள்ளை விட்ட நாளிலை இருந்து."

"ஏன் சொல்லேல்லை?"

"சொன்னா எஞ்சினைக் கேக்கிற மாதிரி இருக்கும்."

நாவற்குழிப் பக்கமிருந்து காத்து வந்துகொண்டிருந்தது. அற்புதராணி சீலைத் தலைப்பை இழுத்துச் செருகினா.

"நாளைக்குக் கரவெட்டிக்குப் போவம். விடிய எஞ்சினை ஏத்து."

"அத்தான் வந்தா?"

"வந்தா நான் கதைக்கிறன். நீ ஒண்டும் சொல்லாதை."

அடுத்தநாள் மெல்ல மெல்லப் போய்ச் சேந்திச்சினம். ஆழ்வாப்பிள்ளை சாக்கை அவிட்டுச் சுத்திச் சுத்திப் பாத்தார். "நல்ல எஞ்சினோ பிள்ளை? கடல் தண்ணி ஏறினதோ?"

"இல்லை," எண்டா அற்புதராணி. "கடைசியாய்ப் போகேக்கை கொண்டுபோகேல்லை."

அவர் ஓம் எண்டிட்டு, பொக்ஸைக் கழட்ட நட்டுச் சாவி தேடப் போனார். அவ வெங்காயப் பாத்தி வரம்பிலை குந்தியிருந்தா. சிமியோன் தண்ணி கொண்டுவந்து குடுக்க, வாங்கிக் குடிச்சா. கண்ணிலை ஒண்டும் இல்லை. செம்பைத் திருப்பிக் குடுத்திட்டு, எஞ்சின் சுத்தின சாக்கை எடுத்து மடிச்சு மடியிலை வைச்சுக்கொண்டாவாம், சிமியோன் சொன்னவன்.

உங்கடை வீட்டுக் காரும் அந்த நாளிலை என்னென்ன எண்ணெய் குடிச்சு ஓடினது, எதைக் குடுத்து எதை மாத்தினியள் எண்டு எழுதுங்கோ பிள்ளையள். ரெண்டு வரி எண்டாலும் பரவாயில்லை, இருந்து வாசிப்பன்.