கிழங்கு ஆறுவதற்குள்

மருதை கிழங்கை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, எந்த முனையிலிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் அடுப்பங்கரையில் குந்தியிருந்தான். முழங்கை நீளம் இருந்தது. செம்மண் ஒட்டி, ஒரு பக்கம் வளைந்து, மரத்திலிருந்து ஒடித்த கிளை மாதிரிதான் இருந்ததே தவிர, வேகவைத்தால் மனுஷர் தின்னக்கூடியது என்று நம்ப முடியவில்லை. கத்தியை ஒரு முறை மேல்முனையில் வைத்துப் பார்த்தான். பிறகு எடுத்துவிட்டு அடிமுனையில் வைத்தான்.

"சீவாதீங்க. சீவினா பாதிக் கிழங்கு தோலோட போயிரும். நீளவாக்குல ஒரே ஒரு கீறல் போடுங்க."

பின்வாசலுக்கு வெளியே, பத்தடி தள்ளி, மதில் ஓரமாகச் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தாள் இருசம்மாள். அடுப்பங்கரைக்குள் அவளால் வர முடியாது. மசக்கை. தாளிக்கிற வாசனை, சோறு கொதிக்கிற வாசனை, ஈரத்துணி வாசனை, மருதையின் தலையெண்ணெய் வாசனை எதுவும் ஆகவில்லை. கையில் நாரத்தை இலையைக் கசக்கி வைத்துக்கொண்டு நிமிஷத்துக்கு ஒரு தரம் மூக்கில் வைத்தாள். வாயில் ஊறுகிற எச்சிலைக்கூட விழுங்க முடியாமல், பக்கத்தில் சாம்பல் போட்டு வைத்திருந்த சட்டியில் துப்பிக்கொண்டே இருந்தாள். பன்னிரண்டு நாளாகக் குடித்த கஞ்சித் தண்ணீர்கூடத் தங்கவில்லை. கழுத்து எலும்புக்கு மேலே குழி விழுந்து, தாலிக்கயிறு அதற்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

முந்தாநாள் பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தாள். கையின் தோலைக் கிள்ளிப் பார்த்தாள். "திங்கக்கிழமை காலை வரைக்கும் பாருங்க. ஏதாவது ஒரு ஆகாரம் வயித்துல தங்கிச்சுன்னா வீட்டுலயே இருக்கட்டும். இல்லேன்னா கூட்டிட்டு வந்துருங்க, பெட்ல போட்டு மருந்து ஏத்தணும்" என்றாள். நல்ல அம்மாதான், குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். ஆனால் இருசம்மாள் வீடு வரும்வரை ரிக்‌ஷாவில் வயிற்றில் வைத்த கையை எடுக்கவில்லை. ஐம்பத்தெட்டாம் வருஷம் கார்த்திகையில் அந்த வார்டில்தான் படுத்திருந்தாள். போகும்போது வயிற்றில் மூன்று மாதம் இருந்தது. வரும்போது இல்லை. வாசலில் இறங்கியதும், "அங்க மட்டும் வேண்டாங்க" என்றாள்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. விடியும்போது அவனை எழுப்பி, "குச்சிக்கிழங்கு கெடைச்சா தின்பேன்னு தோணுது" என்றாள். ஏதோ தப்புச் செய்துவிட்டதைப் போலச் சொன்னாள். பன்னிரண்டு நாளில் அவள் வேண்டும் என்று கேட்ட முதல் பொருள். அவள் ஊர் துறையூருக்கு வடக்கே மலையடிவாரம். அங்கே மரவள்ளியைக் குச்சிக்கிழங்கு என்றுதான் சொல்வார்கள். மருதை ஜீயபுரத்துக்காரன். நெல்லும் வாழையும் தவிர வேறு எதையும் தோண்டிப் பழக்கமில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு காந்தி மார்க்கெட்டுக்குப் போய், நாலு இடத்தில் விசாரித்து, கடைசியில் சந்திரம்மாள் என்று ஒரு கிழங்குக்காரியிடம் போய் நின்றான். "கசக்காதே?" என்று மூன்று தடவை கேட்டான். மூன்றாவது தடவை அவள், "நான் என்ன அதுக்குள்ள பூந்து பார்த்துட்டா வந்திருக்கேன்? எடுத்தா எடுங்க, இல்லேன்னா பின்னாடி நிக்கிறவருக்கு வழி விடுங்க" என்றாள்.

கீறினான். கீறலுக்குள் கத்திமுனையை நுழைத்து நெம்பச் சொன்னாள். நெம்பினான். மேலே பழுப்புத் தோலும் அதற்கு உள்ளே ரோஸ் நிறத்தில் தடிப்பான இன்னொரு தோலும் சேர்ந்து, கைக்குழந்தைக்குச் சட்டை கழற்றுவது போலச் சுருண்டு கழன்று வந்தன. உள்ளே வெள்ளைவெளேரென்று ஈரமாக இருந்தது. அவனுக்கே சந்தோஷமாகிவிட்டது. இரண்டாவது கிழங்கை இன்னும் ஒழுங்காக உரித்தான். பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் ஸ்டோர்ஸ் பிரிவில் அவனுக்கு வேலை. போல்ட்டு ஒரு தட்டு, நட்டு ஒரு தட்டு, எல்லாவற்றுக்கும் சீட்டு. துண்டு போடும்போதும் எல்லாம் ஒரே அளவாக இருக்கிறதா என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான்.

"என்னங்க பண்றீங்க, சத்தத்தையே காணோம்?"

"அளவு பார்க்கிறேன்."

"மாப்பிள்ளை பார்க்கவா போகுது? நாலா நறுக்கித் தண்ணியில போடுங்க."

இரண்டு தண்ணீரில் அலசி, சட்டியில் போட்டு, முங்கத் தண்ணீர் ஊற்றிக் கரி அடுப்பில் ஏற்றினான். தட்டை எடுத்து மூடப்போனவனை, கண்ணால் பார்க்காமலே அவள் தடுத்தாள். "மூடிராதீங்க. அதுல இருக்கிற கெட்டது ஆவியோட போகணும். ஒரு கொதி வந்ததும் அந்தத் தண்ணியைக் கொட்டிட்டு வேற ஊத்துங்க. உப்பு அப்புறம்."

"எத்தனை நிமிஷம்?"

"வேகற வரைக்கும்."

"வேகறதுக்கு எத்தனை நிமிஷம்?"

"பொன்மலையில சங்கு ஊதுவாங்க, அப்ப எறக்குங்க."

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமை. சங்கு கிடையாது" என்றான் மருதை. சொன்ன பிறகுதான் அவள் கேலி செய்கிறாள் என்று புரிந்தது. கேலி செய்து எத்தனை நாளாயிற்று என்று நினைத்தான். அடுப்பை விசிறுகிற கை தன்னால் வேகமாயிற்று.

இரண்டாவது தண்ணீரும் கொதித்து, கிழங்குகள் விளிம்பில் வெடித்துப் பூவாக மலர ஆரம்பித்தபோது, பூசை முடிந்து லூர்துராணி வந்தாள். பாலக்கரையில் ஆறு குடித்தனங்கள் இருந்த அவர்கள் வளவில் அடுத்த வீட்டுக்காரி. தலையில் போட்டிருந்த முக்காட்டை இன்னும் எடுக்கவில்லை.

"எப்படி இருக்கே இருசு? காலையில நான் குடுத்த இஞ்சிச் சாறு நின்னுச்சா?"

"நின்னுச்சுக்கா. அது ஒண்ணுதான் நின்னுச்சு."

"நான் சொன்னேன்ல. இஞ்சிக்கு நிக்காத ஓங்கரிப்பு கிடையாது." சொல்லிக்கொண்டே பின்வாசல் வழியாகத் தலையை நீட்டி, "என்ன தம்பி, நளபாகம் நடக்குது?" என்றவள், சட்டியைப் பார்த்ததும் முகம் மாறினாள். "மரவள்ளியா? யாருக்கு?"

"இவளுக்குத்தான் அக்கா. ஆசைப்பட்டா."

"இஞ்சி குடிச்ச வயித்துலயா? மரவள்ளியும் இஞ்சியும் சேர்ந்தா விஷம்பா. மாதாவே, நல்ல நேரத்துக்கு வந்தேன்."

மருதை இருசம்மாளைப் பார்த்தான். அவள் நாரத்தை இலையை மூக்கிலிருந்து எடுத்துவிட்டு, மறந்துபோனது ஞாபகம் வந்தவள் போல உட்கார்ந்திருந்தாள்.

"எங்க ஊர்லயும் சொல்லுவாங்க. யாரும் செத்து நான் பார்த்ததில்ல."

"செத்தவ வந்து உங்கிட்ட சொல்லுவாளா?"

"எவ்வளவு நேரம் போனா தின்னலாம் அக்கா?" என்று கேட்டான் மருதை.

"எனக்கென்ன தெரியும் தம்பி? ஒரு நாள் போகட்டுமே. நாளைக்குக் குடு." லூர்துராணி தான்தான் காரணம் என்கிற வருத்தத்தோடு இருசம்மாளின் தலையைத் தடவினாள். "நல்லது பண்றேன்னு வந்து உன் ஆசையில மண்ணைப் போட்டுட்டேன் பாரு." அவள் போகும்போது மருதை பின்னாலேயே வாசல்வரை போய், சாற்றுக்கு எவ்வளவு இஞ்சி வைத்தாள், தேன் எவ்வளவு என்று கேட்டான். ஒரு கட்டைவிரல் நீளம், ஒரு கரண்டித் தேன் என்றாள். எதற்குக் கேட்கிறான் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

நாளைக்கு என்றால் திங்கட்கிழமை.

சட்டியை இறக்கித் தண்ணீரை வடித்துவிட்டு, அதன் முன்னால் நின்றுகொண்டிருந்தான் மருதை. அவனுக்கு எந்த விஷயத்திலும் சட்டென்று முடிவெடுக்க வராது. முன்பு போன தட்டெழுத்து வகுப்பிலும் அப்படித்தான். எழுத்தைத் தட்டுவதற்கு முன் விரலை எழுத்தின் மேல் வைத்து ஒரு தரம் யோசிப்பான். மற்றவர்கள் வரி முடித்திருப்பார்கள். இப்போதும் யோசித்தான். லூர்து அக்கா பொய் சொல்கிறவள் இல்லை. இருசு சொன்னதும் பொய்யில்லை. இரண்டு பேரும் நேராகப் பார்த்ததில்லை என்பது மட்டும் நிச்சயம். யாராவது ஒருத்தர் பார்த்துவிட்டால் தீர்ந்தது.

அலமாரியில் இஞ்சி இருந்தது. கட்டைவிரலை வைத்து அளந்து வெட்டினான். அம்மியில் சத்தம் வராமல் நசுக்கி, துணியில் பிழிந்து, தேன் விட்டுக் குடித்தான். அவள் குடித்து நாலு மணி நேரம் ஆகியிருந்தது. அவன் குடித்த கையோடு தின்னப்போகிறான். அதனால் தன் சோதனை அவளுடையதைவிடக் கடுமையானது, தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் அவளுக்கு ஆகாது என்று கணக்குப் போட்டான். உடனே இன்னொன்று தோன்றியது. இது ஒரு ஆளுக்கான சோதனைதானே, அங்கே இரண்டு உயிர் இருக்கிறதே. அதையும் கணக்கில் சேர்த்து, ஒரு துண்டுக்குப் பதில் இரண்டு துண்டு தின்றுவிடுவது என்று வைத்துக்கொண்டான். அலாரம் கடிகாரத்தைக் கொண்டுவந்து எதிரே வைத்து, முதல் துண்டைப் பிட்டு, நடுவிலிருந்த நரம்பை உருவிப் போட்டுவிட்டு வாயில் வைத்தான். கசக்கவில்லை. மாவாகக் கரைந்தது. பாலும் மண்ணும் கலந்த மாதிரி ஒரு ருசி. இதைத்தான் கேட்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டே இரண்டாவது துண்டையும் மென்றான்.

ஒரு மணி நேரம் என்று வைத்திருந்தான். பத்தாவது நிமிஷம் நெஞ்சு எரிந்தது. வெறும் வயிற்றில் இஞ்சி எரியத்தான் செய்யும் என்று சொல்லிக்கொண்டான். பதினைந்தில் காதோரம் வேர்த்தது. அடுப்புக்குப் பக்கத்தில் யாருக்கும் வேர்க்கும். ஆனாலும் தன் மணிக்கட்டைத் தானே பிடித்துப் பார்த்தான். துடிப்பு வேகமாக இருக்கிறதா, எப்போதும் இப்படித்தானா என்று தெரியவில்லை. எப்போதும் எப்படி என்று ஒரு நாளாவது பார்த்து வைத்திருக்க வேண்டும்.

வாசலில் நிழல் விழுந்தது. இருசம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நிலையைப் பிடித்து நின்றாள். அவளுடைய கண் முதலில் சட்டியைப் பார்த்தது, பிறகு அவன் உதட்டோரம் ஒட்டியிருந்த வெள்ளை மாவைப் பார்த்தது.

"எனக்கு ஆகாதுன்னு ஆனதும் நீங்க உக்காந்து தின்னுக்கிட்டு இருக்கீங்க."

"இல்ல இருசு..."

"தின்னுங்க. வீணாப் போறதுக்கு நீங்களாவது தின்னுங்க. கேட்டது என் தப்பு." திரும்பப் போனவள் அம்மியைப் பார்த்தாள். அதில் இஞ்சிச் சக்கை ஈரமாக ஒட்டியிருந்தது. பிறகு கடிகாரத்தைப் பார்த்தாள். முந்தானை மூக்கிலிருந்து நழுவியதை அவள் கவனிக்கவில்லை.

"என்ன பண்ணியிருக்கீங்க?"

அவன் சொன்னான். கட்டைவிரல் அளவு, ஒரு கரண்டித் தேன், இரண்டு துண்டு, ஒரு மணி நேரம். வரிசையாகச் சொல்லச் சொல்ல அது அவனுக்கே முட்டாள்தனமாகக் கேட்டது. அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தான். அவள் சிரிக்கவில்லை.

"உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

மருதை கடிகாரம் வைத்தான், அளந்தான், அரிசி பொறுக்குவது போல ஒவ்வொன்றாக யோசித்தான். தனக்கு ஏதாவது ஆனால் இவளை யார் பார்ப்பது என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

"என்னைக் கேட்டுட்டாவது தின்னிருக்கலாம்ல" என்று அவள் மெதுவாகச் சொல்லி, சுவரைப் பிடித்துக்கொண்டே வந்து அவனுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். பன்னிரண்டு நாளுக்குப் பிறகு அடுப்பங்கரையில் உட்கார்ந்திருக்கிறாள். அவன் நெற்றியில் புறங்கையை வைத்தாள். "எத்தனை நிமிஷம் ஆச்சு?"

"இருபத்தஞ்சு."

"இன்னும் முப்பத்தஞ்சா? ஆறிப்போகுமேங்க. ஆறினா விறைச்சுப்போய் கட்டை மாதிரி ஆயிடும். அப்புறம் எறங்காது."

அதையும் அவன் யோசிக்கவில்லை. தட்டை எடுத்துச் சட்டியை மூடலாமா என்று கேட்டான். "இப்ப மூடலாம்" என்றாள். மூடினான். இரண்டு பேரும் மூடிய சட்டியையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்து வீட்டில் மீன் கழுவுகிற சத்தம் கேட்டது. அவள் இடையிடையே, "தலை சுத்துதா?" என்று கேட்டாள். இல்லை என்றான். "நாக்கு தடிக்குதா?" இல்லை. "பொய் சொல்லாதீங்க." "இல்ல இருசு." முப்பத்தெட்டாவது நிமிஷம், ஆவி எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்க்க அவன் தட்டைத் தூக்கினான். வாசனை எழும்பியது. அவள் எழுந்து ஓடுவாள் என்று பயந்து திரும்பினான்.

அவள் ஓடவில்லை. சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தொண்டை மேலேறிக் கீழிறங்கியது. எச்சிலை விழுங்கினாள். ஒரு நொடி கழித்து மறுபடியும் விழுங்கினாள்.

கடிகாரத்தில் இன்னும் இருபத்திரண்டு நிமிஷம் இருந்தது. மருதை கை கழுவிவிட்டு, பெரிதாகவும் இல்லாமல் சிறிதாகவும் இல்லாமல் ஒரு துண்டை எடுத்து, இரண்டாகப் பிட்டு, நரம்பை உருவி, உப்பில் லேசாகத் தொட்டு அவள் உள்ளங்கையில் வைத்தான்.

"மெதுவா" என்றான்.

சிறு பிள்ளை போல நுனிப்பல்லால் கடித்தாள். கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் மென்றாள். விழுங்கினாள். இரண்டு பேரும் காத்திருந்தார்கள். பிறகு இன்னொரு கடி. அந்தத் துண்டு முடிந்ததும் கையை நீட்டினாள். அவன் அடுத்ததை நரம்பு எடுத்து வைத்தான். "எங்கம்மா வெல்லம் வெச்சுக் குடுக்கும்" என்றாள் ஒரு தடவை. வெல்லம் எடுத்து வரட்டுமா என்றதற்குத் தலையை அசைத்தாள். மூன்றாவது துண்டில் பாதி தின்றவள், அப்படியே சுவரில் சாய்ந்தாள். தலை சரிந்து அவன் தோளில் வந்து நின்றது. தலையெண்ணெய் வாசனை ஆகாதே என்று அவன் விலகப் பார்த்தான். அதற்குள் அவள் மூச்சு சீராகிவிட்டது.

தூங்கிவிட்டாள். வாயில் மிச்சம் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தான். இல்லை. கடிகாரம் அவன் கைக்கு எட்டாத தூரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அலாரம் திருகியிருக்கிறோமா இல்லையா என்று திடீரென்று சந்தேகம் வந்தது. எழுந்து பார்த்தால் அவள் விழித்துக்கொள்வாள். எழாமல் இருந்தான். மடியில் கிடந்த அவளுடைய வலது கை, மிச்சமிருந்த பாதித் துண்டைக் கெட்டியாகப் பிடித்திருந்தது. எடுத்து வைக்கலாம் என்று விரல் மேல் விரல் வைத்தான். தூக்கத்திலேயே அவள் பிடியை இறுக்கினாள். நசுங்கிய கிழங்கு, விரல் இடுக்குகளில் வெள்ளையாகப் பிதுங்கி வெளியே வந்தது, இன்னும் லேசான சூட்டோடு.