தளபதிக்கு அழுதவள்

தும்பை விட்டு வாலைப் பிடிப்பது எப்படி என்று பங்காரம்மாவைக் கேட்டால் தெரியும். தளபதியின் பெண்டாட்டி வேஷத்தை நீங்களே கட்டுங்கள் என்று விழாக் கமிட்டியார் வீடு தேடி வந்து கேட்டபோது, காபி கொடுத்து, மாட்டேன் என்று திருப்பி அனுப்பியவள் அவளேதான்.

சீனாக்காரன் சண்டை ஓய்ந்த அடுத்த தை மாதம் அது. பெரியநாயக்கன்பாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இடிந்து கிடந்த கோட்டையில், திப்பு காலத்துச் சண்டையைச் சனி, ஞாயிறு இரண்டு நாளும் நடத்திக் காட்டுவதென்று ஊரார் முடிவு கட்டினார்கள். கொட்டகை போட்டு ஆடுகிற நாடகமில்லை. அந்தக் காலத்து ஆட்களைப் போல உடுத்திக்கொண்டு விடிந்ததிலிருந்து கோட்டைக்குள்ளேயே இருக்க வேண்டும். ஒரு பக்கம் உலை மூட்டி ஈட்டி அடிப்பார்கள், ஒரு பக்கம் அண்டாவில் களி கிண்டுவார்கள். ஜனங்கள் ஊடே நடந்து பார்த்துக்கொள்ளலாம். பொழுது சாய்கையில் வேட்டுச் சத்தத்தோடு வெள்ளைக்காரக் கும்பினிப் படை மேற்கு வாசலில் நுழையும். தளபதி விழுவார். பெண்டாட்டி ஓடிவந்து ஒப்பாரி வைப்பாள். அதோடு முடிந்தது.

தளபதி வேறு யாருமில்லை, பங்காரம்மாவின் வீட்டுக்காரர் அழகிரிசாமிதான். மோட்டார் பட்டறை முதலாளி, ஆறடி உயரம், அதற்கேற்ற மீசை. கட்டின புருஷன் கல்லுக்குண்டாட்டம் இருக்கும்போது, எந்தச் சுமங்கலி அவர் தலைமாட்டில் உட்கார்ந்து மாரடிப்பாள்? அதனால் வேஷம் தையல் டீச்சர் குழந்தையம்மாளுக்குப் போனது. புருஷனைப் பறிகொடுத்து இருபது வருஷமான பொம்பளை, அவளுக்கு இனி என்ன அபசகுனம் என்று பங்காரம்மாவே சொன்னாள். சொன்ன வாய் சும்மா இருந்திருக்கலாம்.

அங்கி தைக்க அளவெடுத்த அன்றே ஆரம்பித்துவிட்டது. டீச்சர் டேப்பை மார்பைச் சுற்றிப் போட்டு, மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டாம் என்றாள். அழகிரிசாமி சிரித்தார். வீட்டில் பல் தெரியச் சிரித்து எத்தனை மாசமாயிற்று அந்த மனுஷர்! பங்காரம்மாவுக்கு அடிவயிற்றில் கங்கு விழுந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் தளபதி விழுந்தார். குழந்தையம்மாள் தலைவிரிகோலமாக ஓடிவந்து அவர் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு அழுதாள்.

"கம்பந்தோச சுட்டு வெச்சேன், கட்டித்தயிர் எடுத்து வெச்சேன்,
கையக் கழுவி வாங்க, என்ற ராசா!
ஈரக்கை தொடைக்க என் சேலத்தலப்பு இருக்கையில
எந்த மண்ணுல தொடச்சீங்க, என்ற ராசா?"

கூட்டத்திலிருந்த மில் ஆட்கள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பக்கத்து வீட்டு வெங்கடம்மாள், கட்டினவள்கூட இப்படி அழமாட்டாள் என்று பெருமூச்சு விட்டாள். எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்ற அவள் ஒருத்தி போதாதா?

அழுகையை விட, அந்தக் கம்பு தோசைதான் பங்காரம்மாவின் நெஞ்சில் சிக்கிக்கொண்டது. அழகிரிசாமி இட்லியைத் தவிர வேறொன்றைத் தொடமாட்டார். தயிர் என்றாலே சளி பிடிக்கும் என்பார். அப்படிப்பட்டவர் கம்பு தோசையும் கட்டித்தயிரும் தின்ற வீடு எது? யோசிக்க யோசிக்க அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

அன்று ராத்திரி வட்டிலில் கம்பு தோசையைப் போட்டுத் தயிரை ஊற்றி, அவர் முன்னால் தள்ளினாள். அவள் முகத்தைப் பார்த்த மனுஷர் அத்தனையையும் மிச்சம் வைக்காமல் தின்றார். பயத்தில் தின்றார், பாவம். அவளுக்கோ வேறு சாட்சியே வேண்டியிருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நேரே கோட்டைக்குப் போனாள். வாசல் நிழலில் டீச்சர் கிழிந்த அங்கியைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க டீச்சர், என்ற ஊட்டுக்காரரு கம்பந்தோசைக்குத் தயிர் கேப்பாருன்னு உங்களுக்கு ஆரு சொன்னாங்க?"

டீச்சருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள்.

"அது உங்க ஊட்டுக்காரரு இல்லீங்கக்கா. அது அவருங்க."

பேரைச் சொல்லவில்லை. புருஷன் பேரைச் சொல்லாத வழக்கம் அவளுக்கு இன்னும் விடவில்லை. பர்மா சண்டைக்குப் பட்டாளத்தில் போனவர். ஒரு தந்திதான் வந்தது.

"ஒடம்பு வராம எழவு எடுக்கக்கூடாது, என்ற பையன் வந்துருவான்னு மாமியாரு அழவே உடலீங்க. அப்பறம் எல்லாத்துக்கும் மறந்துபோச்சு. முன்னால ஒரு ஒடம்ப வெச்சு அழறதுக்கு நேத்துத்தானுங்க கெடச்சுது." டீச்சர் அங்கியை மடியில் நீவிக்கொண்டே கேட்டாள். "இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும் எரவல் குடுங்கக்கா."

பங்காரம்மா வந்த வழியே வீட்டுக்குத் திரும்பினாள்.

டீச்சர் கதையைக் கேட்டதோடு வயிற்றெரிச்சல் இறங்கிவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சாயங்காலம் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவளுக்கு, டீச்சர் அவர் தலையை மடியில் எடுத்ததும் மறுபடி எரியத்தான் செய்தது. அது அவள் புருஷன் தலையல்லவா! பொம்பளை கேட்டாளே என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

பிணமாகக் கிடந்த அழகிரிசாமிக்கு இதெல்லாம் என்ன தெரியும்? ராத்திரி தின்ற தோசையே இன்னும் பயமுறுத்திக்கொண்டிருந்தது. ஒற்றைக் கண்ணைத் திறந்து பெண்டாட்டியைப் பார்த்தார். அவள் முகத்தைக் கண்டதும் இதற்குமேல் இந்த மடியில் கிடந்தால் ஆபத்து என்று நினைத்து, முழங்கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. பாட்டு பாதியில் அறுந்துபோய், டீச்சர் வெறும் மடியோடு உட்கார்ந்திருந்தாள்.

பங்காரம்மா எழுந்து நின்றாள்.

"ஏனுங்க, எந்திரிக்காதீங்க" என்றாள், கோட்டை முழுக்கக் கேட்கும்படி. "கண்ண மூடிட்டுப் படுங்க. அந்தப் புள்ள அழுது முடிக்கட்டும்."

ஒரு சுமங்கலி வாயில் வரக்கூடாத பேச்சு. வெங்கடம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். அழகிரிசாமி மறுபடி மடியில் தலையை வைத்துக் கண்ணை மூடினார். பங்காரம்மா சேலைக்குள் கையை விட்டுத் தாலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். டீச்சர் கம்பு தோசையிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள்.