சிவப்பு நூல்

சுத்தமான தொட்டியில் ஒரு சிவப்பு நூல் அகப்பட்டதும் பருத்தி மாமாவுக்கு வந்தது பயமல்ல, சந்தோஷம்.

தண்ணீரில் கலந்த பிளாஸ்டிக் தூசியைப் பொறுக்கும் ஆய்வுக்கூடத்தில் அவருக்கு வேலை. பொறுக்குவதென்னவோ கண்ணுக்குத் தெரியாத குட்டி ரோபோக்கள். வெளியே காந்தத்தை நகர்த்தினால் ஆட்டுமந்தை மாதிரி பின்னாலேயே வரும். திரையில் பெரிதாகப் பார்க்கலாம். உடுப்பிலிருந்து நூல் உதிருமென்று அங்கே பருத்திக்கு மட்டும்தான் அனுமதி. மனிதர் வீட்டிலும் பருத்தியே கட்டியதால் குடியிருப்பில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. மகளின் பிரசவத்துக்குப் போன மனைவி, பேரன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தும் திரும்பவில்லை. கேட்டால், "வருவா, வருவா" என்பார். கேட்டவர்கள் மாடிப்படி திரும்பும்வரை சிரிப்பை அடக்கிக்கொள்வார்கள்.

அந்தச் சுத்தமான தொட்டி, மற்றவற்றோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகத் தூசி கலக்காமல் வைத்திருந்தது. அதில் ரோபோக்களுக்கு எதுவும் சிக்கக் கூடாது. அறைக்குள் போவதும் அவர் ஒருவர்தான். அப்படியானால் யாரோ வந்திருக்கிறார்கள்.

"என் ரூமுக்கு யாராச்சும் வந்தாங்களாப்பா?"

"உங்க ரூமுக்கா? எலிகூட எட்டிப் பாக்காதே சார்," என்றார் காவலாளி.

மேலதிகாரி அம்மாள் நூலை உருப்பெருக்கியில் பார்த்தார். "இது செயற்கை நூல். யாரு சார் உள்ள வந்தது?"

"யாரோ வந்திருக்காங்க மேடம்." விருந்தாளி வந்த வீட்டுக்காரர் குரல் அது.

"இன்னொரு தடவ சிவப்பு வந்துச்சுன்னா இந்த வேலைய வேற ஆள்கிட்ட குடுத்துருவேன்."

வீட்டுக் கதவைத் திறந்ததுமே நாற்காலி கண்ணில் பட்டது. முதுகில் மனைவியின் சிவப்புச் சால்வை. 'வந்து எடுத்துக்கறேன்' என்று விட்டுப்போனது. துவைத்த சட்டையைத் தினமும் அதன் மேலேதான் போட்டுவைப்பார். சட்டையை உதறி வெளிச்சத்தில் பிடித்தார். தோளில் இரண்டு சிவப்பு இழை. யாரும் வந்திருக்கவில்லை.

சால்வையைப் பையில் போட்டு முடிந்து பரணில் ஏற்றிவிட்டு மனைவிக்குப் போன் செய்தார்.

"உன் சால்வைய பத்திரமா எடுத்து வெச்சுட்டேன்."

"எந்தச் சால்வ?"

"செவப்பு. வந்து எடுத்துக்கறேன்னு சொன்னியே."

"அதுவா. அது இன்னுமா இருக்கு? யாருக்காவது குடுத்துருங்க."

அடுத்த சோதனையில் தொட்டி சுத்தமாக இருந்தது. "இப்படித்தான் இருக்கணும்," என்று சொல்லிவிட்டு அம்மாள் போய்விட்டார்.

கதவு சாத்திக்கொண்டது. பருத்தி மாமா காந்தத்தை மெல்ல இடப்பக்கம் நகர்த்தினார், பிறகு வலப்பக்கம். திரையில் ரோபோக்கள் மொத்தமும் திரும்பி, வெறுங்கையாக, அவர் பின்னாலேயே வந்தன.