ஓடைக் கல்லின் அடிப்பக்கம்

வாசுகி பிள்ளைகளை ஓடைக்குக் கூட்டிப்போய் ஐந்து நாள் ஆகியிருந்தது. ஐந்து நாளாக அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

கட்டபெட்டுக்குக் கீழே, எஸ்டேட் பள்ளியில் அவள் தற்காலிக டீச்சர். விலங்கியல் படித்தவள். விவசாயம் தண்ணீரை என்ன செய்கிறது என்ற பாடத்தைப் புத்தகத்தைப் பார்த்தே நடத்தி முடித்திருக்கலாம். கல்லைப் புரட்டிக் காட்டினால் பிள்ளைகள் மறக்கமாட்டார்கள் என்று தோன்றிவிட்டது. கல்லின் அடிப்பக்கம் குட்டிப் பூச்சிகள் ஒட்டியிருந்தால் நல்ல தண்ணீர். மேலே சோலையோரம் கல்லுக்குக் கல் பூச்சி இருந்தது. கீழே, தொழிலாளர் குடியிருப்பான லயத்துக் குழாய்க்குத் தண்ணீர் எடுக்கும் இடத்தில், ஒன்றுகூட இல்லை. நடுவில் இருந்தது எஸ்டேட் தொழிலாளி காளிமுத்துவின் காரட் தோட்டம்.

அந்தத் தோட்டத்து மருந்துதான் காரணம் என்று பிள்ளைகள் முடிவு கட்டிவிட்டார்கள். காளிமுத்துவின் மகள் ரஞ்சனியும் அதே வகுப்புதான். "அவ கையால தண்ணி வாங்கிக் குடிக்காதீங்கடா, பூச்சி மாதிரி காணாமப் போயிருவீங்க" என்றான் சுரேஷ். வகுப்பே சிரித்தது. மறுநாளிலிருந்து ரஞ்சனி பெஞ்சில் தனியாக உட்கார்ந்தாள்.

மனம் கேட்காமல் வாசுகி அன்று மாலை தனியாக ஓடைக்குப் போனாள். காரட் தோட்டத்துக்கு மேலேயும் கற்களைப் புரட்டினாள். அங்கேயும் பூச்சி இல்லை. இன்னும் ஏறினாள். தேயிலைச் சரிவில் ஓடையை மண் போட்டு மறித்த ஒரு குழி. ஓரமெல்லாம் பூச்சிமருந்து வெள்ளையாகப் படிந்திருந்தது.

யார் வேலை என்று அவள் எவரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அந்தச் சரிவில் செஞ்சிலந்திக்கு மருந்தடிப்பது அவள் அப்பா அழகையா ஒருவர்தான். முன்பு அவருக்குத் தண்ணீர் சுமந்து கொடுக்க இரண்டு ஆள் உண்டு. தேயிலை விலை விழுந்ததும் முதலில் நிறுத்தப்பட்டவர்கள் அந்த இருவர். அப்புறம் அவர் தண்ணீர் இருக்கும் இடத்துக்கே மருந்தைக் கொண்டுபோய்க் கலக்கினார். வேலை முடிந்ததும் ஸ்பிரேயரை அங்கேயே அலசினார்.

வீட்டில் சொன்னாள். அப்பா மறுக்கவில்லை.

"காம்பரா யாரு பேருல இருக்கு?" என்று மட்டும் கேட்டார். அவர் வேலை போனால் அந்த லயத்து வீடும் போகும். அம்மா அடுப்பைப் பார்த்தபடியே, சிலோன்ல இருந்து ஒருக்கா மூட்டை கட்டினது போதும் என்றாள்.

ஐந்தாம் நாள் எஸ்டேட் கிளார்க் நாச்சிமுத்து வகுப்புக்குள் வந்தார். காளிமுத்து வாசலுக்கு வெளியே நின்றார். தேயிலை விலை விழுந்ததிலிருந்து அவருக்குப் பாதிச் சம்பளம்தான் கைக்கு வந்துகொண்டிருந்தது. மீதிக்கு அந்தத் தோட்டம்தான். மாட்டுச் சாணம் தவிர எதுவும் போடவில்லை என்று அவர் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்திருந்தார்.

"ஏனுங்க டீச்சர், லயம் பூராம் இதே பேச்சுங்க. நீங்க ஒரு வார்த்த ஆமாம்னுட்டீங்கன்னா நாளைக்கே தோட்டத்தப் புடுங்கிப் போட்டரலாமுங்க."

தண்ணீரைக் குன்னூருக்கு அனுப்பிச் சோதிக்க வேண்டும், நாளாகும் என்று வாசுகி இழுத்தாள்.

"கல்லப் பொரட்டிப் பாத்ததுக்கு லேப் எதுக்குங்க?" என்ற நாச்சிமுத்து பிள்ளைகள் பக்கம் திரும்பினார். தோட்டத்துக்குக் கீழே பூச்சி இல்லாததைப் பார்த்தவர்கள் கை தூக்கச் சொன்னார்.

எல்லாக் கைகளும் மேலே போயின. ரஞ்சனி வாசலைப் பார்த்தாள். அப்பா நின்றிருந்தார். டீச்சர் சொல்லிக் கொடுத்தது பொய்யாக இருக்காது என்று நம்பிய பிள்ளை, மெல்லத் தன் கையையும் தூக்கினாள்.

காளிமுத்து தலையைக் குனிந்துகொண்டார்.

"கைய எறக்கு, ரஞ்சனி" என்றாள் வாசுகி. நாச்சிமுத்து பக்கம் திரும்பினாள்.

"தோட்டத்துக்கு மேலயே தண்ணி கெட்டுப்போயிருக்கு சார். அங்க மருந்து கலக்குனது எங்கப்பா."